11 கிராம் புரோட்டீன், 15 ரூபாய்

பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் 'புரதம்' என்ற பெயரில் சமத்தாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சமாச்சாரம், இப்போது 'புரோட்டீன்' என்று பெயரை மாற்றிக்கொண்டு ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பெட்டிக்கடை வரைக்கும் வந்துவிட்டது. பிஸ்கட்டில் புரோட்டீன், தயிரில் புரோட்டீன், பிரெட்டில் புரோட்டீன். ஜிம்முக்குப் போகிற பையன்கள் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் கிராம் கணக்கு வந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு புரோட்டீன் பானம் செய்து, எங்கள் ஏரியாவிலேயே விற்றுப் பார்க்கலாம் என்று இறங்கியிருக்கிறோம். ப்ராஜெக்ட் மார்க்குக்காக மட்டும் என்றால் யாரும் இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் அத்தை பையன் ஒருவன் கண்டெய்னர் யார்டில் வேலை செய்கிறான். சம்பளம் 16 ஆயிரம். அதில் 3 ஆயிரத்தை ஒரு பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கிறான். அதே வீட்டில் அத்தை பருப்பை அளந்து அளந்து போட்டு சாம்பார் வைக்கிறார். டப்பாவில் இருப்பதும் பருப்பில் இருப்பதும் ஒரே பொருள்தான் என்று சொன்னால் இரண்டு பேருமே நம்புவதில்லை. அங்கேதான் எங்களுக்கு ஆர்வம் பிடித்தது.

முதல் கேள்வி: இது உண்மையிலேயே யாருக்காவது தேவையா? இந்தக் கேள்விக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. 1968-ல் ஐக்கிய நாடுகள் சபை, உலகத்தில் புரத நெருக்கடி வரப்போகிறது என்று அறிக்கையே வெளியிட்டது. ஏழை நாடுகளுக்குப் புரதம் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று விஞ்ஞானிகளும் கம்பெனிகளும் ஓடினார்கள். கோகோ கோலா அந்தச் சமயத்தில் பிரேசிலில் 'சாசி' என்று ஒரு சோயா பானத்தை இறக்கியது (சாசி என்பது அந்த ஊர்க் கதைகளில் வரும் ஒற்றைக்கால் குறும்புப் பையன்). நிலைக்கவில்லை. நம்ம ஊரில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அதற்கும் முன்பே வேர்க்கடலை மாவையும் கடலை மாவையும் முக்கால், கால் என்று கலந்து 'பல்நோக்கு உணவு' என்று ஒன்றைச் செய்திருந்தது. பிறகு வேர்க்கடலைப் புரதத்தைப் பாலில் கலந்து 'மில்டோன்' என்ற பானமும் அங்கிருந்து வந்தது. இன்றைக்கு எந்தக் கடையிலும் கேட்டுப் பாருங்கள், இந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

இந்த ஓட்டத்தில் குறுக்கே நின்று கேள்வி கேட்டவர்களில் இரண்டு பேர் இந்தியர்கள். ஒருவர் புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மே. இன்னொருவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். ஹைதராபாத் பக்கத்துக் கிராமங்களில் சின்னக் குழந்தைகளுக்கு வழக்கமான சாப்பாட்டோடு தினமும் சுமார் 310 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் புரதம் வெறும் 3 கிராம்தான். 14 மாதத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட உயரத்திலும் எடையிலும் நன்றாக வளர்ந்தார்கள். 1973-ல் இந்த முடிவு வெளிவந்தது. அதாவது, பாதி வயிற்றோடு இருக்கிறவனுக்கு முதலில் வேண்டியது சோறு. சோறு போதாதபோது உள்ளே போகிற புரதத்தையும் உடம்பு விறகாக எரித்துவிடும். அடுத்த வருஷமே லான்செட் இதழில் மெக்லாரன் என்பவர் இந்தப் புரத ஓட்டம் முழுவதையும் மாபெரும் தோல்வி என்று எழுதினார்.

இதைப் படித்ததும் எங்கள் குழுவில் ஒருத்தி கேட்டாள், "அப்போ நாம கடையை மூடிடலாமா?"

மூடத் தேவையில்லை. குழந்தைகளுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது கலோரி. இன்றைக்கு எங்கள் ஏரியாவில் வேலைக்குப் போகிற ஆட்களைப் பார்த்தால் கணக்கு வேறு. காலையில் டீ, பன். பதினோரு மணிக்கு டீ, பஜ்ஜி. மதியம் மலை மாதிரி சோறு, மேலே கொஞ்சம் குழம்பு. வயிறு நிறைகிறது, கலோரிக்குக் குறைவில்லை. ஆனால் பருப்போ மீனோ முட்டையோ எவ்வளவு? 2020-ல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட கணக்குப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் புரதம் வேண்டும், 55 கிலோ பெண்ணுக்கு சுமார் 46 கிராம். வெறும் டப்பாவை நம்பி எட்ட வேண்டிய தூரமில்லை இது. ஆனால் டீயும் பன்னும் வைத்தும் எட்ட முடியாது.

ஆக, கேள்வி மாறுகிறது: இந்தப் பானம் டீ-பன்னின் இடத்தில் போய் உட்காருமா?

இந்த இடத்தில்தான் ஹாங்காங்கின் வைட்டாசாய் கதை உதவியது. லோ குவீ சியோங் என்பவர் 1937-ல் ஷாங்காயில் ஒரு சொற்பொழிவு கேட்கிறார். சோயாதான் சீனாவின் பசு என்பது பேச்சின் சாரம். போரில் ஹாங்காங்குக்கு ஓடிவந்த அகதிகள் சத்தில்லாமல் நோயில் விழுவதைப் பார்க்கிறார். 1940 மார்ச்சில் சோயா பால் பாட்டிலை விற்க ஆரம்பிக்கிறார், சைக்கிளில் வீடு வீடாக. முதல் நாள் விற்றது எத்தனை தெரியுமா? 9 பாட்டில்! சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும் தொல்லை வேறு. 1953-ல் பாட்டிலோடு சேர்த்துக் கிருமிநீக்கம் செய்யும் முறைக்கு மாறினார். அதன் பிறகு ஐஸ் பெட்டி இல்லாத கடையிலும் பாட்டிலை அடுக்க முடிந்தது. ஏழைகளின் பால் என்று விற்றபோது நகராத பாட்டில், கூல்டிரிங்ஸ் பக்கத்தில் ஒரு கூல்டிரிங்காக உட்கார்ந்ததும் நகர ஆரம்பித்தது. யாரும் "நான் சத்துக்குறைவான ஆள், எனக்கு ஒன்று கொடுங்கள்" என்று கடையில் கேட்க மாட்டார்கள். தாகத்துக்குக் கேட்பார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவைப் பார்த்தோம். வட சென்னையில் ஏற்கெனவே ஒரு புரோட்டீன் பானம் இருக்கிறது, அதை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். கேழ்வரகுக் கூழும் நெத்திலிக் கருவாடும்! ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கூழை விடுங்கள், தினமும் தள்ளுவண்டியில் கிடைக்கிற கூழைச் சொல்கிறேன். கூழில் புரதம் குறைவு. பக்கத்தில் இருக்கிற கருவாடுதான் ஈடுகட்டுகிறது. எங்கள் ஆயாவுக்கு அமினோ அமிலம் தெரியாது, ஆனால் கருவாடு இல்லாமல் கூழை வாயில் வைக்க மாட்டார்.

இன்னொரு பானத்தை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் பீகாரிலிருந்து மணலி, எண்ணூர் பக்கம் வேலைக்கு வந்திருக்கிற தொழிலாளர்கள். சத்து என்று ஒரு மாவு வைத்திருக்கிறார்கள். வறுத்த கொண்டைக்கடலையை அரைத்தது. தண்ணீர், உப்பு, வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை போட்டு ஒரே கலக்கு. அடுப்பு வேண்டாம். நம்ம ஊர்ப் பொட்டுக்கடலைக்கு அது அண்ணன் முறை, தோல் நீக்குவது, பொரிப்பதில்தான் வித்தியாசம்.

அப்புறம் என்ன, பொட்டுக்கடலை மாவு, மோர். முடிவாகிவிட்டது. வேர்க்கடலையை ஏன் விட்டோம் என்று கேட்பீர்கள். புரதம் அதில் அதிகம்தான். ஆனால் ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்ஸின் என்ற நஞ்சு சேரும். 1960-ல் இங்கிலாந்தில் கெட்டுப்போன கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு மூட்டையையும் பரிசோதிக்க எங்களிடம் காசில்லை. எந்தப் பருப்பிலும் பூஞ்சை வரலாம், ஆனால் வேர்க்கடலையில் ஆபத்து அதிகம்.

இப்போது கணக்கு. பொட்டுக்கடலை மாவு 30 கிராம் போட்டால் சுமார் 6 கிராம் புரதம். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 10 கிராமில் மூன்றரை. நீர்த்த மோரில் ஒன்று, ஒன்றரை. கூட்டினால் 200 மில்லி டம்ளருக்கு ஏறக்குறைய 11 கிராம். இந்த 11-ல் ஒரு விசேஷம் இருக்கிறது. பானத்தின் மேல் 'ஹை புரோட்டீன்' என்று எழுத வேண்டுமானால், 100 மில்லியில் ஒரு நாள் தேவையில் 10 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 54 கிராமில் 10 சதவீதம் 5.4. இரண்டு மடங்கு 10.8. மயிரிழையில் தாண்டுகிறோம்!

ஆனால் மோரை பாட்டிலில் அடைத்தால் எங்கள் வெயிலுக்கு மதியத்துக்குள் புளித்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம் என்றால், பல கடைகளில் நிற்கிற பெட்டி கூல்டிரிங்ஸ் கம்பெனி கொடுத்தது. அதில் அவர்கள் சரக்குக்குத்தான் இடம். அமுல் மாதிரி பெரிய ஆளோடு மோதவும் முடியாது. அவர்களின் 200 மில்லி புரோட்டீன் மோரில் 15 கிராம் இருக்கிறது. பன்னீர், சீஸ் செய்யும்போது மிஞ்சுகிற வே புரதம் அவர்களிடம் மலையாகக் கிடக்கிறது. எங்களிடம் ஒரு மிக்ஸி கிடக்கிறது.

அதனால் பாட்டிலை விட்டுவிட்டு பாக்கெட்டுக்குப் போனோம். இது ஒன்றும் புதிதல்ல. பெரிய பாட்டில் ஷாம்பு வாங்க முடியாதவர்களுக்குச் சின்ன பாக்கெட்டில் ஷாம்பு கொடுத்து இந்தியாவின் கடைவீதியையே மாற்றியவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 'சிக்' ஷாம்புவோடு ஆரம்பித்ததுதான் இன்றைய கவின்கேர். மாவும் பால் பவுடரும் தயிர்ப் பொடியும் மசாலாவும் கலந்த ஒரு பாக்கெட், கடைக்காரர் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுப்பார், மோருக்குப் பதில் அந்தத் தயிர்ப் பொடி. காய்ந்த பொடி என்பதால் புளிக்காது. ஒரே தொல்லை, மாவு அடியில் தங்கும். நின்று நிதானமாகக் குடிக்கிற பானமில்லை, குலுக்கியதும் குடித்துவிட வேண்டும். தண்ணீரும் கடைக்காரருடையது. அது கேன் தண்ணீர்தானா என்று நாங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

விலை? மாவுக்கு 4 ரூபாய், பால் பவுடருக்கு 4 ரூபாய், மற்றதும் பாக்கெட்டும் சேர்த்து இரண்டு, இரண்டரை. கடைக்காரருக்கு இரண்டு ரூபாயாவது நிற்க வேண்டும். 15 ரூபாய்க்கு விற்றால் எங்களுக்கு மிஞ்சுவது சில்லறை. அதற்கு மேல் வைக்கவும் முடியாது, ஏனென்றால் எதிரில் ஒரு பெரிய போட்டியாளர் நிற்கிறார். முட்டை! எங்கள் தெருவில் 7 ரூபாய். ஒன்றில் 6 கிராம். இரண்டு முட்டை 14 ரூபாய், 12 கிராம், அதுவும் முதல் தரப் புரதம். எந்த விளம்பரமும் இல்லாமல் முட்டை எங்களைத் தோற்கடிக்கிறது. சிரிக்காதீர்கள் :-)

மூன்று பேரும் இதை வைத்து ஒரு ராத்திரி முழுக்க சண்டை போட்டோம். கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான்: முட்டை சாப்பிடுகிறவரிடம் போய் முட்டையை விட்டு எங்களிடம் வா என்று சொல்லக்கூடாது. டீயும் பன்னும் சாப்பிடுகிறவரிடம் போக வேண்டும். முட்டையை யாராவது வேகவைத்து உரித்துக் கொடுத்தால்தான் உண்டு. லாரி ஓட்டுகிறவருக்கு அது ஏது?

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் போக கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரிய ஃபிளாஸ்க்கில் குளிர்ந்த தண்ணீரோடு அங்கே போய்க் காசு வாங்காமல் கொடுத்துப் பார்த்தோம். ஒரு டிரைவர் அண்ணன் டம்ளரை முகர்ந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, மோரா?"

"மோர் மாதிரிங்க ணா. பொட்டுக்கடலை கலந்திருக்கு."

குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். "நல்லாத்தான் கீது. இத்த குட்ச்சா எத்தினி மணி நேரம் பசிக்காது?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கிராமையும் சதவீதத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்த எங்களிடம், அவர் கேட்டது வேறு அளவுகோல். மணி நேரம்! அவர் செல்போன் நம்பரை வாங்கிக்கொண்டு மறுபடி எப்போது பசித்தது என்று கேட்டோம். "பத்து மணிக்கு டீ வேணான்னு தோணிச்சு" என்றார். எங்கள் ப்ராஜெக்டில் நாங்கள் சேகரித்த மிக முக்கியமான தகவல் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அன்றைக்குக் குடித்த மற்றவர்களிலும் மூட்டை தூக்குகிறவர்கள், டிரைவர்கள் எல்லோரும் உப்புக் காரத்தைத்தான் கேட்டார்கள். ஜிம் பையன்கள் மட்டும் "சாக்லேட் ஃப்ளேவர் இல்லியா ப்ரோ?" என்றார்கள்.

அடுத்தது பாக்கெட்டின் மேல் என்ன எழுதுவது என்பது. இதில்தான் எனக்குக் கொஞ்சம் பயம். 2024-ல் கேரள மருத்துவர்கள் குழு ஒன்று இந்தியாவில் விற்கிற 36 புரோட்டீன் பவுடர்களைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில், 25-ல் லேபிளில் சொன்ன புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் அஃப்லாடாக்ஸினும் இருந்தது. இது எப்படி நடக்கிறது? பொதுவான பரிசோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, புரதம் இவ்வளவு என்று பெருக்கிச் சொல்லும். நைட்ரஜன் உள்ள வேறு மலிவான பொருளைக் கலந்தால் மெஷின் ஏமாந்துவிடும். 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆறு குழந்தைகள் இறந்தன, சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

நம்ம ஊரில் 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடும்படி ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. காரணம், நம் உணவுச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வரையறையே கிடையாது. இத்தனை வருஷமாக நம் வீட்டு அலமாரியில் இருந்த ஒரு வார்த்தைக்குச் சட்டத்தில் அர்த்தமே இல்லை என்பது வேடிக்கைதான்.

அதனால் நாங்கள் எழுதப்போவது மூன்றே வரி. இதில் என்னென்ன எத்தனை கிராம் இருக்கிறது. புரதம் எவ்வளவு. மூன்றாவது வரி, இரண்டு முட்டையில் இருக்கிற அளவை ஒட்டி வரும், ஆனால் முட்டைக்கு மாற்று அல்ல. மூன்றாவது வரி வியாபாரத்துக்குக் கேடு என்று எங்களில் ஒருத்தன் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறான். என் அத்தை பையனுக்கும் அத்தைக்கும் ஒரே சமயத்தில் புரிகிற வரி அதுதான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எண்ணூரைப் பற்றி ஒன்று சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற அந்தக் கழிமுகத்தில் இறாலும் நண்டும் மடவையும் கையால் பிடித்தே குடும்பம் நடத்தியவர்கள் இருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிக்கிற பெண்களை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். விற்றது போக மீதி வீட்டுக் குழம்பில் விழும். காசே கொடுக்காத புரதம். பிறகு சாம்பல் வந்தது, ஆற்றின் ஆழம் குறைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு.

ஆற்றிலிருந்து சும்மா கிடைத்ததை இழந்தவர்களிடம் போய் 15 ரூபாய்க்குப் பாக்கெட்டில் விற்கிறோம் என்பதும் எங்கள் ப்ராஜெக்டின் ஒரு பகுதிதான். எங்கள் பாக்கெட்டால் ஆறு திரும்பி வராது. 'வளரும் சந்தை' என்று பாடப்புத்தகம் சொல்லும்போது, அந்தச் சந்தை எதனால் வளர்கிறது என்றும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. எங்கள் அறிக்கையில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். மதிப்பெண் வருமா என்பது தெரியாது.

இப்போதைக்கு நிலவரம் இது: உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு விண்ணப்பிக்கக் காகிதங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த 14 இலக்க எண் வந்த பிறகுதான் ஒரு பாக்கெட்டையாவது காசுக்குக் கொடுப்போம். மாவை ஒரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்திருக்கிறோம், புரதத்துக்கும் பூஞ்சை நஞ்சுக்கும். முடிவு 11-க்குக் கீழே வந்தால் பாக்கெட்டில் கீழே வந்த எண்ணைத்தான் அச்சடிப்போம், 'ஹை புரோட்டீன்' என்ற வார்த்தை போய்விடும். முதலில் நான்கு டீக்கடைகள், எல்லாம் லாரி நிற்கிற ரோட்டில்.

பெயர்தான் இன்னும் வைக்கவில்லை. இங்கிலீஷில் பவர், மசில், மேக்ஸ் என்று எது வைத்தாலும் டிரைவர் அண்ணன் வாயில் நுழையாது. கடையில் போய் "ஒண்ணு குடு" என்று கேட்கிற மாதிரி இரண்டு எழுத்தில், மூன்று எழுத்தில் நல்ல பெயர் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். வெயில் காலத்துக்குள் வேண்டும்.